காபிக்கு விடை கொடுத்துப் பாருங்கள்!

"காபி உள்ளே போனாத்தான் எனக்குக் கண்ணே திறக்கும்!"

இப்படிச் சொல்லாத இல்லத்தரசியைப் பார்ப்பது அபூர்வம். பொழுது விடிவதற்கு முன்பே அடுப்பில் பாலை வைத்து, டிகாக்ஷனைக் கலந்து, ஒரு டம்ளர் காபியை நின்றபடியே குடித்துவிட்டுத்தான் மறுவேலை. வீட்டுக்காரர் எழுந்ததும் அவருக்குக் கலக்கும்போது கூடவே ஒரு வாய். மாமியாருக்கு ஆற்றிக் கொடுத்தபின் மிச்சமிருப்பதை வீணாக்குவானேன் என்று அரை டம்ளர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, "அப்பாடா!" என்று உட்கார்ந்து இன்னொரு டம்ளர். மணி பத்தரை ஆகியிருக்கும். வயிற்றுக்குள் ஒரு இட்லி கூடப் போயிருக்காது. காபி மட்டும் நான்கு தடவை போயிருக்கும்!

எங்கள் பள்ளிப்பட்டு ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 1960 ஏப்ரல் 1-ம் தேதி, திருத்தணியோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்த பகுதி. ஒரு வீட்டில் தமிழ் பேசினால் அடுத்த வீட்டில் தெலுங்கு கேட்கும். இங்கே களி என்றால் அங்கே சங்கடி. ஆனால் காபிக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே பெயர், ஒரே மரியாதை! இந்த வட்டாரத்தில் தறி ஓடுகிற வீடுகளில், தார் சுற்றிக் கொண்டே பெண்கள் சொல்வதுண்டு: "ஒரு காபி குடிச்சிட்டா பசி தெரியாதுக்கா."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. பசி தெரியாமல் போகிறதே தவிர, தீர்வதில்லை. வீட்டில் எல்லோருடைய சாப்பாட்டையும் கவனிக்கிற பெண், தன் சாப்பாட்டை மட்டும் ஒரு டம்ளர் காபியில் கழித்துக் கட்டிவிடுகிறாள். அதற்கு அவள் உடம்பு என்ன விலை கொடுக்கிறது, காபியைக் குறைத்தால் அல்லது விட்டால் என்ன மாறுகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போமா?

காபி வந்த கதை

காபி நம் பாட்டிக்குப் பாட்டி காலத்துப் பானம் அல்ல. ஏமன் நாட்டுப் பக்கம் போன பாபா புடன் என்ற ஞானி, 17-ம் நூற்றாண்டில் ஏழு காபிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் பெரிய தோட்டங்கள் போட்டபின், 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் அது நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பு காலை வேளையில் நீராகாரம், பழையது, கூழ், மோர் இவைதான். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ஒரு நூலுக்கே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றுதான் பெயர்! காபி தமிழ்நாட்டில் எப்படிக் கௌரவத்தின் அடையாளமாயிற்று என்பதை அதில் அவர் விவரித்திருக்கிறார்.

காந்திஜி, 1942-ல் பூனா ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தேநீர், காபி, கோக்கோ இவற்றில் எதுவும் உடம்புக்குத் தேவையில்லை என்பது அதில் அவர் சொன்ன கருத்து. அவர் சொன்னார் என்பதற்காக யாரும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடவில்லை. ஆனால் 'உடம்புக்குத் தேவையா?' என்ற கேள்வி நியாயமான கேள்விதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

காபியில் இருக்கும் முக்கியப் பொருள் கஃபீன். 1819-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ருங்கே என்ற விஞ்ஞானி இதைக் காபிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் விழித்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து கொண்டே வரும். "போதும், கொஞ்சம் ஓய்வெடு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கஃபீன் போய் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. களைப்பு போய்விடவில்லை, களைப்பு இருக்கிறது என்ற செய்திதான் நமக்கு வந்து சேரவில்லை. கஃபீன் இறங்கியதும் களைப்பு மொத்தமாக வந்து சேரும். உடனே அடுத்த டம்ளர்!

குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். அதனால் மாலை 5 மணிக் காபியில் பாதி, இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும்.

ஒரு டம்ளரில் எவ்வளவு கஃபீன்? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம்; இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65; தேநீரில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டி. கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டி டிகாக்ஷனில் நாலு டம்ளர் குடிப்பவர் அந்த எல்லையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார். பொடியில் சிக்கரி கலந்திருந்தால் அந்த அளவுக்குக் கஃபீன் குறையும். ஏனென்றால் சிக்கரியில் கஃபீன் கிடையாது. பாக்கெட்டின் மேல் காபி எத்தனை சதவிகிதம், சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அடுத்த முறை வாங்கும்போது கவனியுங்கள்.

பெண்களுக்கு முக்கியமான விஷயம்: இரத்தம்!

காபியைப் பற்றிப் பேசும்போது நரம்புத் தளர்ச்சி, தூக்கம் என்றெல்லாம் சொல்வோம். பெண்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரத்த சோகை.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு இரத்த சோகை. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றல், கால் இழுப்பது, முடி கொட்டுவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று நாம் வீட்டு வேலையின் மேல் பழி போடுகிற பல சங்கடங்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். களைப்பாக இருக்கிறதே என்று இன்னொரு காபி குடிக்கிறோம். அந்தக் காபியே இரத்தம் ஊறுவதற்குத் தடையாக இருந்தால்?

ஆம், தடையாகத்தான் இருக்கிறது. நம் சாப்பாட்டில் இரும்புச் சத்து பெரும்பாலும் கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு இவற்றிலிருந்து வருகிறது. இந்த வகை இரும்பு உடம்பில் சுலபமாக ஏறாது. காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் வயிற்றுக்குள் இந்த இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. அமெரிக்காவில் 1983-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்புச் சத்து உடம்பில் சேர்வது 39 சதவிகிதம் குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 சதவிகிதம்! "காபியை விட்டுட்டேன், இப்போ டீதான்" என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே காபி குடித்தவர்களுக்கு இந்தக் குறைவு ஏற்படவில்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தவர்களுக்கு, சாப்பாட்டோடு குடித்த மாதிரியே குறைந்தது. அதனால், டிபன் முடிந்த கையோடு, "சூடா ஒரு காபி!" என்கிறோமே, அதுதான் இருப்பதிலேயே மோசமான வேளை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காபியும் தேநீரும் வேண்டாம் என்கிறது. பின்னால் குடிப்பதென்றால் இரண்டு மணி நேரம் கழிப்பது இன்னும் நல்லது.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வாருங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தினம் ஒன்றாக 180 நாட்கள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாட்கள். வாங்கி வருகிறோம், போடவும் செய்கிறோம். எதோடு போடுகிறோம்? "மாத்திரை குமட்டுது, காபியோட முழுங்கிட்டேன்" என்று எத்தனை இளம் தாய்மார்கள் சொல்கிறார்கள்! மாத்திரை உள்ளே போகிறது. அதில் நல்ல பங்கு வீணாகிறது. "மாத்திரை போட்டும் இரத்தம் ஏறலையே!" என்று வருத்தம் வேறு. தண்ணீரோடு விழுங்குங்கள். எலுமிச்சம் பழச் சாறு கலந்த தண்ணீரானால் இன்னும் விசேஷம். அதிலுள்ள 'சி' வைட்டமின் இரும்பு ஏற உதவும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால், இரண்டையும் ஒரே வேளையில் போடாதீர்கள். குமட்டல் அதிகமானால் இரவு படுக்கப் போகும்போது போடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட உடனே காபி குடித்தால் மருந்து சரியாக ஏறாது. குறைந்தது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும்

கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில், கஃபீனை வெளியேற்றும் வேலை மிகவும் மெதுவாகிவிடும். 5 மணி நேரத்தில் பாதியாக வேண்டியது, 15 மணி நேரம் வரை இழுக்கும். வயிற்றிலுள்ள குழந்தைக்கோ அதை வெளியேற்றும் சக்தியே கிடையாது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் சாப்பிடும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும். கருச்சிதைவும் எடை குறைந்த குழந்தை பிறப்பதும் இதனால் குறையலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவுரை வழங்கியது. 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்று சொல்லும் மருத்துவ அமைப்புகளும் உண்டு. நம் கணக்கில், சிறிய டம்ளரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முழுவதும் விட்டுவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

பால் கொடுக்கும் தாய் குடிக்கும் கஃபீனில் கொஞ்சம்தான் தாய்ப்பாலில் போகிறது. சுமார் ஒரு சதவிகிதம். ஆனால் பிறந்த குழந்தையின் உடம்பில் அந்தக் கொஞ்சத்தில் பாதி குறையவே மூன்று நான்கு நாட்கள் ஆகும். தினம் தினம் சேர்ந்தால்? "குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கவே மாட்டேங்குது" என்று தவிக்கும் தாய், தன் காபியையும் ஒரு பத்து நாள் நிறுத்திப் பார்க்கலாம். காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் செலவில்லாமல் செய்து பார்க்கக் கூடிய பரிசோதனை இது.

பால் நன்றாகச் சுரக்கும் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்கு வேளாவேளைக்குக் காபி கொடுக்கும் வீடுகள் உண்டு. காபியினால் பால் சுரப்பதில்லை. குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதும், தாய் வயிறாரச் சாப்பிடுவதும், தண்ணீர் குடிப்பதும்தான் பாலைப் பெருக்கும்.

வயிறு, தூக்கம், சர்க்கரை

வெறும் வயிற்றில் காபி குடித்ததும் சிலருக்கு நெஞ்சு எரியும். புளித்த ஏப்பம் வரும். கஃபீன் வயிற்றில் அமிலம் சுரப்பதைத் தூண்டுவதும், உணவுக் குழாயின் அடிவாயைத் தளர்த்துவதும் இதற்குக் காரணங்கள். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்கள் மாத்திரை வாங்கிப் போடுவதற்கு முன் காபியை நிறுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தூக்கத்துக்கு வருவோம். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு சாப்பிட்ட 400 மில்லிகிராம் கஃபீன் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்துவிட்டது. இரவில் தூக்கம் குறைந்தால் காலையில் அசதி, அசதிக்குக் காபி, காபியால் மறுபடி தூக்கம் குறைவு. செக்கு மாடு மாதிரி அதே இடத்தில் சுற்றி வருகிறோம்!

சர்க்கரையை மறந்துவிடாதீர்கள். டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். ஐந்து டம்ளருக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ, ஒரே ஆளுக்கு! நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் சர்க்கரையை வைத்துக் கொண்டால் மிகவும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியினாலேயே அதைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

விட்டால் என்ன ஆகும்?

நான் மூன்று வருஷங்களாகக் காபி குடிப்பதில்லை. அதற்கு முன் நாளைக்கு ஐந்து டம்ளர். மார் படபடப்பும் இரவில் புரண்டு புரண்டு படுப்பதும் தாங்காமல்தான் விட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஆரம்பித்தது தலைவலி! பின்மண்டையிலிருந்து நெற்றி வரை இறுக்கிக் கட்டினாற்போல. குழந்தைகள் வாயைத் திறந்தாலே கோபம் வந்தது. "இதுக்குப் பேசாம காபியையே குடிச்சிடேன்" என்றார் என் மாமியார். "அத்தை, இன்னும் ரெண்டு நாள் பார்க்கறேன்" என்றேன். ஐந்தாம் நாள் தலைவலி விட்டது.

பத்து நாள் கழிந்தபின் படுத்தால் தூக்கம் வந்தது. நெஞ்செரிச்சல் மாதக் கடைசிக்குள் குறைந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், காலை 8 மணிக்குப் பசித்தது! கல்யாணமான நாளிலிருந்து 11 மணிக்கு மேல் டிபன் சாப்பிட்டுப் பழகியவளுக்கு அது புதிய அனுபவம். பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் சாப்பிட ஆரம்பித்தேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் 365 படியும் ஏறியபோது, வழக்கமாக நாலைந்து இடத்தில் உட்காருகிறவள், இரண்டே இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் காபியை விட்டதனால் மட்டும்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நேரத்துக்குச் சாப்பிட்டேன், சர்க்கரை குறைந்தது, தூக்கம் கூடியது. எல்லாம் சேர்ந்துதான் உடம்பு தேறியிருக்க வேண்டும். ஆனால் அந்த எல்லாவற்றுக்கும் வழி அடைத்துக் கொண்டு நின்றது அந்த டம்ளர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தலைவலி வெறும் மனப் பிரமை அல்ல. கஃபீன் இருக்கும்போது மூளையின் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கியிருக்கும். அது நின்றதும் விரியும். அதனால்தான் வலி. கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பித்து, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 9 நாட்களுக்குள் போய்விடும். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: கடையில் விற்கும் சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் கலந்திருக்கும். அதைப் போட்டுக் கொண்டு, "காபியை விட்டுட்டேன்" என்றால் எப்படி?

எப்படி விடுவது?

ஒரேயடியாக விட்டுத் தலைவலியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இப்படிச் செய்து பாருங்கள்:

1. முதலில் மூன்று நாள், எத்தனை டம்ளர் குடிக்கிறீர்கள் என்று காலண்டரில் கோடு போடுங்கள். ஒரு வாய், அரை டம்ளர் எல்லாம் கணக்கில் சேர்த்தி! பலருக்கு இதிலேயே பாதி புத்தி வந்துவிடும்.

2. முதல் வாரம், மாலைக் காபியை நிறுத்துங்கள். தூக்கத்துக்கு உடனே பலன் தெரியும்.

3. இரண்டாம் வாரம், டிபனுக்குப் பிறகு குடிப்பதை நிறுத்துங்கள். இரத்தத்துக்கு நல்லது.

4. மூன்றாம் வாரம், காலைக் காபியில் டிகாக்ஷனைப் பாதியாக்குங்கள். டம்ளரையும் சிறியதாக மாற்றுங்கள்.

5. நான்காம் வாரம், அந்த ஒரு டம்ளரையும் விட்டுப் பாருங்கள். முடியவில்லையா? பரவாயில்லை. ஐந்து ஒன்றானதே பெரிய லாபம்தான்.

6. மாதவிலக்கு நாட்கள், விசேஷ வீட்டு வேலை, குழந்தைகளின் பரீட்சை சமயம் இவற்றில் ஆரம்பிக்காதீர்கள்.

7. வீட்டில் மற்றவர்கள் குடித்தால் குடிக்கட்டும். அவர்களுக்குக் கலக்கும்போது ருசி பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்!

பதிலுக்கு என்ன?

கைக்குச் சூடாக ஒரு டம்ளர் வேண்டியிருக்கிறது, அதுவும் பழக்கம்தானே? அந்தக் கையை வெறுங்கையாக விட்டால் பழைய டம்ளரைத் தேடும். இவற்றில் உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள்.

சுக்கு மல்லிக் காபி: பெயரில்தான் காபி! தனியா 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு டீஸ்பூன், ஏலக்காய் நாலு. தனியாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, சுக்கைத் தட்டிப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பொடித்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, கொஞ்சம் பனங்கருப்பட்டி. நன்றாகக் கொதித்ததும் வடிகட்டுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகைக் குறைத்துக் கொள்ளலாம்.

கேழ்வரகுக் கஞ்சி: எங்கள் பக்கத்து வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. இரண்டு டேபிள் ஸ்பூன் கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக் கொண்டே கொதிக்க விடுங்கள். மாவின் பச்சை வாசனை போய்ப் பளபளவென்று வந்ததும் இறக்கி, ஆறியபின் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக் கொண்டு குடிக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முளை கட்டி அரைத்த மாவானாலும், முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்த கூழானாலும், அதிலுள்ள இரும்புச் சத்து இன்னும் நன்றாக உடம்பில் ஏறும்.

நீராகாரம்: இரவு மிஞ்சிய சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர். காலையில் மோர், உப்பு, தட்டிய இஞ்சி சேர்த்தால் வெயில் காலத்துக்கு இதைவிட நல்லது இல்லை. காபி வருவதற்கு முன் நம் வீடுகளில் காலைப் பானம் இதுதானே?

எலுமிச்சை அல்லது நெல்லிக்காய்ச் சாறு: சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும். காபி செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலையை இது செய்கிறது!

எல்லோரும் விட்டே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. காபி விஷம் அல்ல. அளவோடு காபி குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் போன்ற சில நோய்கள் குறைவாகக் காணப்படுவதாகச் சொல்லும் ஆராய்ச்சிகளும் உண்டு. புற்று நோய் வரும் என்று முன்பு இருந்த சந்தேகத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-ல் சொல்லிவிட்டது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக் குழாயில் புற்று நோய் வர வாய்ப்புண்டு என்றும் அது எச்சரித்தது. ஆற்றிக் குடிக்கிற நம் பழக்கம் நல்ல பழக்கம்தான்!

இரத்தம் சரியாக இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது, வயிறு தொந்தரவு தரவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு டம்ளர் காபியை ரசித்துக் குடியுங்கள். சாப்பாட்டு வேளையிலிருந்து மட்டும் அதைத் தள்ளி வையுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், இரத்த சோகை உள்ளவர்கள், படபடப்பு, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை உள்ளவர்கள் நன்றாகக் குறைப்பதோ விடுவதோ நல்லது. வளரும் குழந்தைகளுக்குக் காபி பழக்க வேண்டாம். அவர்களுக்குத் தேவை தூக்கமும் இரும்பும்.

இன்னொன்று. காபியை விட்டும் மூச்சு வாங்கலோ படபடப்போ களைப்போ போகவில்லை என்றால், "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலும், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் குறைந்தாலும் இரத்த சோகை. எண்ணைத் தெரிந்து கொள்வதில் வெட்கமும் இல்லை, செலவும் இல்லை.

நாளைக் காலையில் பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும்போது, உங்களுக்கும் ஒரு தட்டு வையுங்கள். அவர்களோடு உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுங்கள். காபியை விடுவதற்கு முதல் படி அதுதான். வயிறு நிறைந்திருந்தால், அந்த இரண்டாவது டம்ளர் காபியை நாக்கு அவ்வளவாகத் தேடாது!